தொண்ணூற்றாறு ஜோடிச் செருப்பு

செய்தி வந்த காலையில், ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மகள் ஜெயா. ஜெயாவின் மகள் சூ சூ. முறம் கேட்டு வந்து, முறத்தை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டு டோ ஏ. தண்ணீர் மோட்டாரைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்த மெக்கானிக் கோ டுன். யாரையும் விடவில்லை. ஒரு பட்டியலில் ஆள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் நான்.

ஜெயா காலையில் ஃபாக்டரிப் பெண்களுக்கு மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்று முடித்துவிட்டுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்திருந்த நேரம். சூ சூ போனைச் சார்ஜில் போட்டபடியே குனிந்து பார்த்தாள்.

"அப்வா, சயாமா டோ தான் யீ தவறிட்டாங்களாம். விடியக்காலைல, தூக்கத்துலயே" என்றாள். பாட்டியைப் பர்மா வழக்கப்படி அப்வா என்றுதான் கூப்பிடுவாள்.

"முழுசாப் படிச்சுச் சொல்லுடி. எப்ப எடுக்குறாங்கன்னு போட்டிருக்கா?" என்று ஜெயா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஆபீஸில் டோ தான் யீ, வீட்டில் தனபாக்கியம். அப்பா தமிழர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா பர்மாக்காரி. எங்களுக்கு இரண்டு பெயரும் வேண்டியிருக்கவில்லை. பர்மாவில் பெண் ஆசிரியரைச் சயாமா என்பார்கள். ஷ்வேப்யிதாவில் எங்கள் பக்கத்தில் சயாமா என்றால் அவர் ஒருவர்தான்.

டோ ஏ முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பர்மாப் பேச்சில் கேட்டார்: "உங்க ஜெயாவுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் குடுக்காத சயாமாதானே? செருப்புப் போடாத பிள்ளைங்கள எல்லாம் கழிச்சு விட்டவங்க?"

நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டோ ஏ மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் என்னிடமே திருப்பிச் சொன்னார். நான் கிளப்பிவிட்டு, முப்பத்தேழு வருடமாக இந்தத் தெருவிலும் சந்தையிலும் மாரியம்மன் கோயில் கஞ்சிப் பந்தியிலும் நடமாடுகிற கதை அது. அதில் பாதி பொய். அது பொய் என்று எனக்குத் தெரிந்தே பதினைந்து வருடம் ஆகிறது. சயாமாவிடம் படித்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்களாம், பழகியவர்கள் எழுதித் தர வேண்டுமாம். அந்தக் கதையை என் வாயால் கேட்டவர்கள் எல்லாரும் இதைப் படிப்பார்கள். நான் பரப்பியதை நானே அள்ளிக்கொள்ள வேறு இடம் கிடையாது.

ரங்கூன் நடுவில் தாமுவேயில் குடியிருந்த எங்களை அரசாங்கம் காலி பண்ணி லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டபோது ஊர் என்று ஒன்று இல்லை. வயலில் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு உள்ளே இருப்பது உன் வீடு என்றார்கள். கடை இல்லை, கிணறு இல்லை. பாம்பு இருந்தது. சயாமாவும் எங்களோடு அதே லாரியில் வந்தவர். தாமுவேயில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவருக்கு இங்கே பள்ளிக்கூடமே இல்லை. வந்த இரண்டாவது வாரம், மூங்கில் வெட்டக் கத்தி இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் கத்தியோடு நானும் வருகிறேன் என்றேன். அப்படித்தான் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. தண்ணீர் எடுத்து வைப்பது, தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது, சின்னப் பிள்ளைகளை ஒதுங்கக் கூட்டிப்போவது, எல்லாம் நான்தான்.

தரையில் இருந்து இடுப்பளவு உயரத்தில் மூங்கில் தளம், கீற்றுக் கூரை, முன்னால் ஒரு ஏணி, பின்னால் ஒரு ஏணி. முதல் நாள் முப்பத்தொரு பிள்ளைகள். மழை முடிவதற்குள் நூற்றுப் பதினைந்து. நடுவில் எந்தத் தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஏணியடியில் நின்றாலும் சயாமா உள்ளே திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "யாபாடே" என்பார். ஆகட்டும், முடியும் என்று அர்த்தம். இப்போது பள்ளிக்கூடங்களில் ஒரு வகுப்புக்கு இத்தனை பேர்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. மூங்கில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு.

மூங்கில் ஒருநாள் தாங்கவில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கு மூலை படபடவென்று உடைந்து பதினொரு பிள்ளைகள் சிலேட்டும் கையுமாகச் சேற்றில் இறங்கிவிட்டார்கள். நான் அலறிக்கொண்டு ஓடினேன். யாருக்கும் அடியில்லை, உளைச்சேறு மெத்தையாகத்தான் இருந்தது. சயாமா ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். "யாராவது சிலேட்ட ஒடைச்சீங்களா?" என்றார். இல்லை என்றார்கள். "அப்பக் கீழயே உக்காந்து எழுதுங்க. மேல நிக்கிற பிள்ளைங்களுக்கு இப்பத்தான் இடம் கெடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார். மேலே பாதி, கீழே பாதியாக அன்று முழுவதும் வாய்ப்பாடு ஓடியது. பழுது பார்க்க வந்த ஆண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர் சிரிக்கவில்லை.

நிற்கிற பிள்ளைகள் என்றேன் அல்லவா, அது அவர் கண்டுபிடித்த முறை. எழுதுகிற பிள்ளை உட்கார வேண்டும், ஒப்பிக்கிற பிள்ளை நின்றால் போதும். பாதிப் பேர் நடுவில் உட்கார்ந்து எழுதுவார்கள், பாதிப் பேர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கத்துவார்கள். மணி அடித்தால் மாறிக்கொள்வார்கள். "உக்காந்த ஒரு பிள்ளை மூணு பிள்ளை நிக்கிற இடத்தத் திங்கும், அங்கம்மா" என்பார். என்னை எல்லாரும் ஏய், இந்தாம்மா என்று கூப்பிட்ட காலத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இத்தனை பிள்ளைகளுக்குப் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தால் காலை அதிலேயே போய்விடும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். செருப்பைக் கீழே விட்டுத்தானே மேலே ஏறுகிறார்கள்? வகுப்பு தொடங்கியதும் நான் அந்தச் செருப்புகளைப் பத்துப் பத்து ஜோடியாக வரிசை வைத்து எண்ணுவேன். செருப்பில்லாத பிள்ளைகளுக்குப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை போடுவேன். இரண்டையும் கூட்டிச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். "செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார்.

என் ஜெயாவுக்கு ஒரு புளியங்கொட்டை. எட்டு வயது. அவளுடைய செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே ஜோடி வேலைக்குப் போகிற அவள் அப்பாவுக்கு.

சாயங்காலம் விடும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. நூற்றுப் பதினைந்து பேரும் ஒரே ஏணியில் இறங்கினால் மிதிபட்டுப் போவார்கள். அதனால் வெறுங்கால் பிள்ளைகள் பின் ஏணியில் இறங்கிப் போய்விட வேண்டும். மற்றவர்கள் முன்னால் இறங்கி, அவரவர் செருப்பின் மேல் ஏறி நிற்க வேண்டும். நான் மணி அடித்தால் வரிசை வரிசையாக நடப்பார்கள். இந்த ஒழுங்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

செங்கல் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள் என்று ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் போக ஓர் அதிகாரி வந்த நாளில் நான் இல்லை. தாமுவேக்குப் பல் பிடுங்கப் போயிருந்தேன். அந்தப் பல்லை இன்றும் நான் மறக்கவில்லை. வண்டி எஞ்சினை அணைக்காமல் வெளியே நின்றதாம். சயாமா ஒரு கையில் சுண்ணாம்புக் கட்டியோடு வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறார். பெரிய பெண்கள் எனக்குப் பதிலாகச் செருப்பை அடுக்கியிருந்தார்கள். ஒன்பது வரிசை, மேலே ஆறு. கொட்டாங்கச்சியில் கொட்டை போட யாருக்கும் தோன்றவில்லை. அது கவிழ்ந்து கிடந்தது. "தொண்ணூத்தாறு" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சீட்டுக் கட்டு வந்தது. புதுப் பள்ளிக்கூடத்தில் உட்காரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திய ஒரு சீட்டு. சாயங்காலம் விடும் நேரத்தில் கொடுப்பது என்று சயாமா தீர்மானித்தார். பிள்ளைகள் அவரவர் செருப்பில் ஏறி நின்றார்கள். வெறுங்கால் பிள்ளைகளை மட்டும் அன்று போகாதீர்கள் என்று நான் பின் ஏணியடியில் நிறுத்தி வைத்திருந்தேன். சயாமா வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசி ஜோடிச் செருப்பில் நின்ற பிள்ளைக்குக் கடைசிச் சீட்டைக் கொடுத்தார். சரியாக இருந்தது. பிறகு பின்பக்கம் திரும்பி வந்தார்.

பத்தொன்பது பிள்ளைகள். பெரியவர்களிடம் வாங்கும்போது வலது கையை இடது கையால் தாங்கி நீட்ட வேண்டும் என்று அவரே பழக்கியிருந்தார். அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாவதாக ஜெயா. சயாமாவின் கையில் ஒன்றும் இல்லை.

மூன்று நாள் ஆபீஸுக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். "நீங்க சொன்ன எண்ணுக்குத்தான் பெஞ்சு அடிச்சோம், சயாமா. ரூமுக்கு நாப்பத்தெட்டு" என்றார் அந்த அதிகாரி.

"பெஞ்சு வேணாம். என் பிள்ளைங்க நிக்கும். நின்னு பழகின பிள்ளைங்க."

"செங்கல் கட்டடத்துல நிக்க வைக்கக்கூடாது. இடம் காலியானா நிரப்பிக்கலாம். அதுவரைக்கும் தொண்ணூத்தாறுதான்."

மூங்கில் எல்லாரையும் வைத்துக்கொண்டது. செங்கல் பத்தொன்பது பேரை வெளியே விட்டது. திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன்.

"என் கொட்டாங்கச்சிய ஏன் பாக்கல, சயாமா?"

"பாக்கல."

"பாத்திருக்கணுமா இல்லையா?"

"பாத்திருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னத்தச் சொல்ல? ஆபீசு அவசரப்படுத்துச்சு, நீ ஊர்ல இல்ல, அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியலன்னு தப்ப ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போடலாம். வேணாம். முழுசா என்கிட்டயே இருக்கட்டும்."

அந்தப் பேச்சு எனக்கு அன்று திமிராகப் பட்டது. அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். தண்ணீர் எடுத்து வைத்தேன், மணி அடித்தேன், வாய் திறக்கவில்லை.

காலையில் செங்கல் பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்றாறு பேருக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து, பழைய கீற்றுக் கொட்டகையில் பத்தொன்பது பேருக்கு மறுபடி அதே பாடத்தை எடுத்தார். பார்க்க வந்த அம்மாக்களிடம், "ரங்கூன்ல எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் இவ்வளவு சின்ன வகுப்பு கெடையாது, தெரியுமா?" என்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புது ஊரில் குடும்பங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் செங்கல் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலி. உடனே சயாமா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, பின் ஏணியடியில் நின்ற வரிசைப்படி, அடுத்த பிள்ளையின் வீட்டுக்குத் தானே நடந்து போய்க் கொடுப்பார். முதல் பிள்ளைக்கு வந்தது. இரண்டாவதற்கு வந்தது. மூன்றாவதற்கும் வந்தது. நாலாவது ஜெயா. நான் காத்திருந்தேன்.

அந்தச் சமயம் என் நாத்தனாருக்கு மாவ்பியில் பிரசவம் ஆகியிருந்தது. சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். "ஒரு மாசந்தான். பள்ளிக்கூடச் சீட்டுத்தான் வரலியே, சும்மாத்தானே இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் ஜெயாவைக் கூட்டிக்கொண்டு போனார். சீட்டு வந்திருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன். அந்த ஒரு மாதம் எட்டு வருடம் ஆயிற்று. நாத்தனாருக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள். இதற்கிடையில் ஐந்தாவது பிள்ளைக்குச் சீட்டுப் போனது. ஆறாவதற்குப் போனது. அடுத்த மழைக்குள் பத்தொன்பதில் பதினெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மகளைத் தாண்டிப் போய்விட்டார், நான் பேசாமல் இருந்ததற்குப் பழி தீர்த்துக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூட வேலையை விட்டேன். அன்றில் இருந்துதான் அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லத் தொடங்கினேன்.

அவர் காதுக்கு அது போகாமல் இருக்குமா? போனது. சந்தையில் எதிரே வந்தால் நின்று, "ஜெயா எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்பார். நான் கத்தரிக்காயைப் பார்ப்பேன்.

இருபத்திரண்டு வருடம் அப்படியே போனது. சூ சூவைப் பள்ளியில் சேர்க்கப் போன நாளில் அவர் தலைமை ஆசிரியர் நாற்காலியில் இருந்தார். தலை முழுதும் வெளுத்திருந்தது. ஒரு வகுப்புக்கு அறுபது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"இவளையாவது விட்டுறாம எழுதிக்கங்க. இவ காலுல செருப்பு இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஜெயாவுக்கு நான் கொண்டுவந்து குடுத்தேனே, அங்கம்மா."

"என்னத்த?"

"சீட்டு. நாலாவது சீட்டு. உன் வீட்டுக்கே வந்தேன். நீ தண்ணி வண்டி வரிசைல நின்னுட்டிருந்தன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு. 'அங்கம்மா வேணாம்னுட்டா. உங்க கையால குடுக்குற எதையும் வாங்கமாட்டேன்னுட்டா'ன்னும் சொன்னாரு. நீ அப்ப என்கூடப் பேசறதில்ல. சரி, கோவம்னு நெனச்சேன். மறுநாள் உன் மொகத்தப் பாத்தேன். நீ திருப்பிக்கிட்ட. சீட்ட அஞ்சாவது பிள்ளைக்குக் குடுத்துட்டேன்."

சூ சூ என் சேலையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் வேண்டும் என்றாள். சயாமா எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

"உன்கிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அதுவும் என் தப்புத்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா, சொன்னேன். அதுக்கு இப்ப என்ன? என் தங்கச்சி கைப்பிள்ளையோட திண்டாடிட்டிருந்தா. அங்க ஒரு ரூம்புல அம்பது பிள்ளை. ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

அன்றைக்கும் சோறு போட்டேன்.

மறுவாரம் சயாமாவிடம் போனேன். ஊர் பூராவும் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வேணாம். ஜெயாவுக்கு அப்பா ஒருத்தர்தான். சயாமாங்க எத்தனையோ பேரு வருவாங்க. அவ மனசுல அவரு நல்லவராவே இருந்துட்டுப் போகட்டும். என்னப் பத்திச் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டேன். அதன் பிறகு நானாகப் போய் அந்தக் கதையைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் மறுத்ததும் இல்லை. பிள்ளைகள் படித்து மளிகைக்கடை, வாடகைக் கார், சிங்கப்பூர் என்று போன குடும்பங்களில்கூட, வெறுங்கால் பிள்ளைகளைக் கழித்துவிட்டவர் என்ற பேச்சு அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது. என் காது கேட்க நடந்தது. என் வீட்டுக்காரர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். செத்தவரைச் சொல்லக்கூடாது என்று இருந்துவிட்டேன். உயிரோடு இருந்தவர் மேல் பழி கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடக்கத்துக்குப் போனோம். கூட்டம் அதிகம். பிக்குகளும் வந்தார்கள், கோயில் பண்டாரமும் வந்து திருநீறு வைத்தார். நரைத்த மனிதர்கள் பலர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பத்தொன்பதில் எட்டுப் பேரை நான் அடையாளம் கண்டேன். ஒருத்தி இப்போது தானே ஆசிரியை. அவள் வகுப்பில் எழுபது பேராம். "சயாமாவ நெனச்சுக்குவேன், அத்தை. எழுபதெல்லாம் ஒரு எண்ணா?" என்றாள்.

மூன்றாம் நாள், இதை எழுதுவதற்கு முன், ஜெயாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் அப்பாவைப் பற்றி ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சீட்டு வந்தது, சயாமாவே கொண்டுவந்தார், உன் அப்பாதான் திருப்பி அனுப்பினார் என்றேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்மா."

"என்னடி தெரியும்?"

"சயாமா வந்தது. நான் உள்ளதான் இருந்தேன், தட்டிக்குப் பின்னால. எல்லாம் கேட்டுச்சு."

"ஏன்டி இத்தன வருஷமாச் சொல்லல?"

அப்போதுதான் கை நின்றது. "நீதான வேணாம்னு சொன்ன? அப்பா அப்படித்தான சொன்னாரு? பேசாதவங்க கையால எனக்கு எதுவும் வேணாம்னு நீ சொன்னதா. உன் கோவந்தான் எனக்குத் தெரியுமே. சரி, அம்மாவுக்கு நம்ம படிப்ப விடக் கோவம் பெருசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் சொல்லலடி."

"இப்ப தெரியுது" என்றாள். மறுபடி பூண்டை உரித்தாள். "மாவ்பில மொத வருசம் முழுக்க உன்னத் திட்டிட்டே இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றாள்.

நாற்பத்தைந்து வயதுப் பெண். முப்பத்தேழு வருடமாக, மாவ்பியில் இருந்து திரும்பி வந்த பிறகு என்னோடு சாப்பிட்டும் தூங்கியும், என் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தும், இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சந்தையில் நின்று சயாமாவைத் திட்டும்போதெல்லாம், பக்கத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தன் தப்பை மறைக்க அம்மா இன்னொருத்தரைச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே சயாமாவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அவர் செய்த தப்பு இரண்டு. என்னிடம் நேரே வந்து கேட்காததையும் தன் தப்பு என்றார், முகத்தைத் திருப்பியவள் நான், அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கொட்டாங்கச்சியைப் பார்க்காமல் செருப்பை மட்டும் எண்ணியது ஒன்று. அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை, பதினெட்டுப் பேருக்கு நடந்தே தீர்த்தார். என்னைச் சும்மா இருக்கச் சொன்னது இன்னொன்று. அது தப்பு என்று தெரியாமலே போய்விட்டார். ஜெயாவின் அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். அந்த மௌனத்தில் ஜெயாவுக்கு அம்மா இல்லாமல் போனது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டையும் நான் மன்னித்துவிட்டேன். ஜெயாவுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை என்று என் வாயால் கேட்டவர்கள் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கேட்டவர்கள் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், போய்ச் சொல்லி அதையும் திருத்துங்கள்.

அவரிடம் இருந்து எனக்கு மிச்சம் ஒன்று உண்டு. பத்தொன்பது பேர் வகுப்பின் கடைசி அரைமணி தமிழ் எழுத்துக்கு. நான் அவரோடு பேசாமல், ஏணிப்படியில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். அவர் அ என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதன் வளைவை எப்படி வளைப்பது என்று வாயாலேயே சொல்வார். பலகையில் எழுதிக் காட்டினால் போதுமே, எதற்கு இவ்வளவு விளக்கம் என்று நினைத்ததுண்டு. திரும்பிப் பார்க்காமல் இருக்கிற ஆளுக்காகத்தான் என்று பின்னால் புரிந்தது. படியில் குச்சியால் கீறிக் கீறி நான் எழுதப் பழகினேன். இதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் அப்படி வந்தது.

ஒருவரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. திதி தவறாமல் கொடுக்கிறேன், படத்துக்குப் பூப் போடுகிறேன், அது வேறு. வார்டு ஆபீஸில் கேட்டால்கூட அவர் பெயரைப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்லிவிட்டு நிற்பேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்தாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அவளுக்கு எழுதத் தெரியாது.

காத்தமுத்து.